கலியாணத் தகராறில் பிறந்த பேரேடு

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துப் பாளையம்பட்டியில் யாரிடமாவது பூர்விகம் கேட்டுப் பாருங்கள். அப்பா பேர், தாத்தா பேர், பூட்டன் பேர் என்று மூன்று தலைமுறை தடங்கல் இல்லாமல் வரும். நாலாவது தலைமுறையில் ஆள் பேர் நின்று ஊர்ப் பேர் வரும், கூடவே குலசாமி பேர் வரும். "பஞ்சத்துல தெக்கேயிருந்து வந்தவங்க", "கமுதிப் பக்கம் ஏதோ ஒரு ஊரு", "சாமி கும்பிட அங்கதான் போவோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேலே போக எழுத்து இல்லை. ஜாதக ஓலை பல வீடுகளில் இருந்தது. ஆள் போனபின் அதைக் காப்பாற்றி வைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. நிலபுலம் இருந்தவர்கள் வீட்டில் பத்திரம் இருக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசக்காட்டில் பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் கூலிக்குப் போனவர்கள் வீட்டில் அதுவும் கிடையாது.

இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. சாமியார் வீட்டு அலமாரியில் தடித்த அட்டை போட்டுக் கட்டிய நீளமான புத்தகங்கள் இருக்கும். ஞானஸ்நானத்துக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. சர்ட்டிபிகேட் தேவைப்படும்போதுதான் நாம் அந்தப் பக்கம் போகிறோம். ஒரு கூலிக்காரருடைய பாட்டனுக்குப் பாட்டன் பேர், அதைவிட அருமையாக அந்தப் பாட்டனைக் கட்டிக்கொண்ட பெண்ணின் பேர், எழுத்தில் கிடைக்கும் இடம் இந்தச் சீமையில் பெரும்பாலும் இது ஒன்றுதான். இந்தப் புத்தகம் எதற்காகப் பிறந்தது, இந்தக் காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால் அதில் எதைத் தேடலாம், எப்படித் தேடலாம் என்பதும் விளங்கும்.

வம்சம் விளங்கட்டும் என்று யாரும் இதை ஆரம்பிக்கவில்லை. ஐரோப்பாவில் கலியாணத் தகராறு தாங்க முடியாமல் ஆரம்பித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஆணும் பெண்ணும் மனமொத்து வாக்குக் கொடுத்துவிட்டால் கலியாணம் ஆயிற்று. குருவானவர் நிற்க வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்தவன் பிறகு இன்னொருத்தியை ஊரறியக் கட்டிக்கொண்டால், முதல் பெண் எந்த மன்றத்தில் போய் நின்றாலும் அவள் சொல்லுக்கு எதிராக அவன் சொல்தான். இப்படிப்பட்ட வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களில் மலைபோல் சேர்ந்தன.

1563 நவம்பர் 11ஆம் தேதி திரெந்து பொதுச்சங்கம் தன் 24ஆம் அமர்வில் இதற்கு முடிவு கட்டியது. கலியாணத்துக்கு முன்னால் மூன்று தடவை கோயிலில் அறிவிக்க வேண்டும். பங்குக்குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னால் நிற்க வேண்டும். நடந்து முடிந்ததும் மணமக்கள் பேர், சாட்சிகள் பேர், நாள், இடம் எல்லாவற்றையும் குரு ஒரு புத்தகத்தில் எழுதி அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நம் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று வாரம் ஓலை வாசிக்கிறார்களே, அந்த வழக்கத்தை உலகம் பூராவும் நிலைநிறுத்தியது இந்தத் தீர்மானம்தான்.

அதே அமர்வில் ஞானஸ்நானத்துக்கும் ஒரு உத்தரவு போட்டார்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரை எழுதி வைக்க வேண்டும் என்பது அது. அதற்கும் காரணம் கலியாணம்தான். ஞானத்தகப்பனாக நின்றவருக்கும் குழந்தைக்கும், குழந்தையைப் பெற்றவர்களுக்கும் இடையில் ஞான உறவு உண்டாகிறது. அன்றைய சட்டப்படி அந்த உறவுக்குள் கலியாணம் செல்லாது. யார் யாருக்கு நின்றார்கள் என்று எழுதி வைக்காவிட்டால் இருபது வருஷம் கழித்து எப்படித் தெரியும்? இன்றைக்கு நாம் வம்சம் தேடுகிற இரண்டு பெரிய புத்தகங்களும் இப்படி ஒரே நாளில், கூடாத கலியாணத்தைத் தடுப்பதற்காகப் பிறந்தன. 1614இல் வெளியான ரோமைச் சடங்கு நூல் இதை ஐந்து புத்தகங்களாக வகுத்தது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கலியாணம், மரணம், பங்கிலுள்ள குடும்பங்களின் நிலவரம். எல்லாவற்றுக்கும் எழுத வேண்டிய வாசகத்தைக்கூட அச்சடித்தே கொடுத்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் அதற்கு முன்பே, 1538இல், ஒவ்வொரு பங்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு இங்கே வந்தது அந்த வழக்கம்.

தமிழ்க் கடற்கரையில் கிறிஸ்தவம் இந்தப் புத்தகங்களைவிட மூத்தது. முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1535 முதல் 1537க்குள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். சவேரியார் 1542இல் வந்தார். திரெந்துச் சங்கத்தின் உத்தரவே அப்போது பிறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் என்று மடல்களில் இருக்கும், ஆயிரம் பேருடைய பேர் இராது. 1567இல் கோவாவில் கூடிய முதல் மாகாணச் சங்கம்தான் திரெந்துத் தீர்மானங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது. உள்நாட்டிலும் இதே நிலைமைதான். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்ததிலிருந்து மதுரை மிஷன் குருக்கள் ரோமைக்கு எழுதிய ஆண்டு மடல்கள் ஏராளமாக இருக்கின்றன. மறவர் சீமைப் பஞ்சம், பாளையக்காரர் சண்டை, அருளானந்தர் 1693இல் ஓரியூரில் வெட்டுப்பட்டது எல்லாம் அவற்றில் உண்டு. வரலாற்றுக்கு அவை தங்கச் சுரங்கம். சாதாரணக் குடும்பத்தின் பேர் தேடுகிறவருக்கு அவற்றில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் மிஞ்சும்.

பேர் பேராக எழுதிய பழைய ஏடுகள் வேறு இடங்களில் கிடைக்கின்றன. சென்னை ஜார்ஜ் கோட்டை புனித மரியன்னை ஆலயம் 1680 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் கலியாணப் பதிவேட்டில் முதலில் நிற்பது கம்பெனி ஊழியர் எலிஹு யேல் அடுத்த மாதமே செய்துகொண்ட கலியாணம். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்க் அடுத்த ஆண்டு மே மாதத்தில் முதல் ஞானஸ்நானத்தைக் கொடுத்தார். வாங்கிய ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். அந்த மிஷனின் கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் தென்பாண்டிச் சீமைக்கு எல்லாவற்றிலும் அருமையான ஏடு பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவுதான். குளோரிந்தா என்ற அம்மையாரைச் சுற்றிக் கூடிய சின்னஞ்சிறு கூட்டம்; மொத்தம் 40 பேர். பல சாதியார், பெண்கள், குழந்தைகள் என்று அத்தனை பேரும் பேர் சொல்லி எழுதப்பட்டார்கள். திருநெல்வேலிச் சபையின் வரலாற்றை எழுதிய கால்டுவெல் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

அருப்புக்கோட்டைக் காட்டுக்கு இந்தப் பழக்கம் அழுத்தமாக வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், இரண்டு திசையிலிருந்து.

1773இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்ததும் பழைய மதுரை மிஷன் நலிந்துபோனது. 1830களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் திரும்ப வந்தபோது, ஏற்கெனவே இங்கே இருந்த கோவாக் குருக்களுக்கும் அவர்களுக்கும் யார் அதிகாரம் செல்லும் என்று பெரிய வழக்கு எழுந்தது. 1838இல் போப்பாண்டவர் வெளியிட்ட ஆணை அதைத் தீர்க்கவில்லை, வளர்த்தது. ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு சாமியார், இரண்டு பேரேடு என்று மதுரைச் சீமையில் பல இடங்களில் ஆயிற்று. 1928இல் ரோமைக்கும் போர்ச்சுகலுக்கும் ஒப்பந்தம் ஏற்படும் வரை, போர்ச்சுகல் ஆதரவில் இருந்த மயிலாப்பூர் மேற்றிராசனத்துக்கு (மறைமாவட்டத்துக்கு) உட்பட்ட பங்குகள் நம் பக்கத்தில் தனியாகவே இருந்தன. ஒரு வீட்டில் அண்ணன் பேர் ஒரு ஏட்டில் இருக்கிறது, தம்பி பேர் இல்லை என்றால், தம்பி பிறக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சண்டைக்கு அந்தப் பக்கத்துக் கோயில் ஏட்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு திசை அமெரிக்கா. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு மிஷன், யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தது. திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையில் அதன் நிலையம் 1850களிலேயே இருந்தது. ஹோரஸ் டெய்லர் என்ற மிஷனரி அங்கே நெடுங்காலம் ஊழியம் செய்தார். அவர்கள் வைத்த ஏடு கத்தோலிக்க ஏட்டைப் போன்றதில்லை. யார் எந்தத் தேதியில் சபையில் சேர்ந்தார், யார் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு எந்தச் சபைக்குப் போனார், யார் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டார் என்று ஆள்வாரியாக எழுதும் உறுப்பினர் ஜாபிதா அது. மாற்றுக் கடிதக் குறிப்பு ஒன்று கிடைத்தால் ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நகர்ந்தது என்பது பளிச்சென்று தெரியும். 1847இல் சாதியை விட்டேன் என்பதை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அந்த மிஷன் கறாராகச் சொன்னபோது பலர் வெளியேறினார்கள். அந்த ஆண்டை ஒட்டி ஒரு பேர் திடீரென்று மறைந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மிஷனரிகள் பாஸ்டனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தேடுகிறவர்கள் மண்டபசாலையை 'மண்டஹசாலி' என்பது போன்ற எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். இந்த மிஷனின் 75 ஆண்டு வரலாற்றை எழுதிய ஜே.எஸ். சாண்ட்லர்தான் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியராக உட்கார்ந்தார்.

கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவு ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இடது ஓரத்தில் வரிசை எண், குழந்தை பேர். நடுவில் லத்தீனில் நாலைந்து வரி: இன்ன ஆண்டு இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னாருக்கும் அவர் மனைவி இன்னாளுக்கும் இன்ன தேதியில் பிறந்த ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், ஞானத்தகப்பன் இன்னார், ஞானத்தாய் இன்னாள். கீழே குருவின் கையெழுத்து. பல ஏடுகளில் சாதியும் எழுதியிருப்பார்கள். மை பழுப்பேறி, நிப்பு அழுந்திய இடத்தில் தாள் கிழிந்திருக்கும். நூற்றாண்டு கழித்தும் தாயின் பேர் அங்கே அப்படியே நிற்கிறது. நிலப் பத்திரத்தில் இன்னார் மகன் இன்னார் என்று ஆண் வழிதான் வரும். வாய்வழி வம்சாவளியிலும் பெண்கள் 'அந்த ஊர்க்காரி' என்ற அளவில் மங்கிவிடுகிறார்கள். கோயில் ஏடு மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடவை, பெற்றவள் பேரை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. ஆறு பிள்ளை பெற்றவள் பேர் ஆறு இடத்தில் இருக்கும். இதற்காகவே இந்தப் புத்தகத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பேர்களைப் படிக்கப் பழக வேண்டும். வீட்டில் ராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பவுலுஸ். முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், சூசை யோசேப்புஸ். ஏட்டில் எழுதிய சாமியார் பிரெஞ்சுக்காரராக இருந்தால் ஊர்ப் பேரும் அவர் காதில் விழுந்தபடி இருக்கும். பேரே காலத்தைக் காட்டுவதும் உண்டு: லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்தது 1858இல், லூர்துசாமியும் லூர்தம்மாளும் அதற்குப் பின்னால்தான் அந்தப் பேரை வாங்கியிருக்க முடியும். குடும்பப் பேர் என்று ஒன்று நமக்கு இல்லாததால் அப்பன் பேரைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும். பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிற வழக்கத்தால் ஒரே பேர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வந்து குழப்பும். தாயின் பேரைச் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தெளியும்.

ஓரக் குறிப்பை விட்டுவிடக் கூடாது. 1907இல் ரோமை பிறப்பித்து 1908இல் அமலுக்கு வந்த 'நே தேமெரே' ஆணைப்படி, ஒருவருக்குக் கலியாணம் நடந்தால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்கு அனுப்பி, ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும். முதல் கலியாணத்தை மறைத்து இரண்டாவது கட்டுகிறவனைப் பிடிப்பதற்கு இது. நமக்கோ, பாளையம்பட்டியில் பிறந்த பெண் எந்த ஊரில் யாரைக் கட்டினாள் என்று அந்த ஓரம் சொல்கிறது. கொழும்புக்கோ ரங்கூனுக்கோ போய்க் கலியாணம் செய்திருந்தால்கூட அந்தத் தகவல் திரும்பி வந்திருக்க வாய்ப்பு உண்டு.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். 1215 முதல் 1917 வரை திருச்சபைச் சட்டப்படி நாலாம் தலைமுறை வரைக்கும் ரத்த உறவுக்குள் கலியாணம் கூடாது. 1917 சட்டத் தொகுப்பு அதை மூன்றாகக் குறைத்தது. நம் நாட்டிலோ அக்கா மகள் உரிமை, மாமன் மகள் உரிமை, அத்தை மகள் உரிமை. பத்துப் பதினைந்து குடும்பம் உள்ள கிறிஸ்தவ ஊரில் உறவுக்கு வெளியே பெண் தேடவே முடியாது. அதனால் விலக்கு வாங்க வேண்டும். மிஷன் நாடுகளில் விலக்குக் கொடுக்கச் சலுகை அதிகாரம் மேற்றிராணியாருக்கு (ஆயருக்கு) இருந்தது. விலக்குக் கேட்டு எழுதுகிற குருவானவர், இரண்டு பேருக்கும் பொதுவான பாட்டன் பாட்டியை மேலே எழுதி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தலைமுறையாக இறக்கி, மணமக்கள் வரை ஒரு கொடிவழிப் படம் வரைந்து அனுப்ப வேண்டும். கூலிக்குப் போன குடும்பத்துக்கு ஒருவர் உட்கார்ந்து கொடிவழி வரைந்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான். உறவுக் கலியாணத்தைத் தடுக்கப் பிறந்த சட்டம், உறவுக்குள்ளேயே கட்டிக்கொண்ட நம் சனங்களின் உறவு முறையை அணு அணுவாக எழுத்தில் ஏற்றிவிட்டது.

அந்தக் குறிப்பை நம் முறை தெரிந்தவர்தான் சரியாகப் படிக்க முடியும். கலியாணப் பதிவில் 'இரண்டாம் படி ரத்த உறவு, விலக்குப் பெற்றது' என்று இருக்கும். திருச்சபைக் கணக்கில் மாமன் மகளும் பெரியப்பன் மகளும் ஒரே படிதான். நம் கணக்கில் பெரியப்பன் மகள் உடன்பிறந்தவள். அவளைக் கட்டுகிற பேச்சே கிடையாது. ஆகவே அந்த ஒரு வரியிலிருந்து, பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், அல்லது பெண்ணின் அம்மா அவனுக்கு அத்தை என்று துணிந்து சொல்லலாம். ஞானத்தகப்பன் பேரும் இதேபோல் பேசும். தாய்மாமன் ஒரு பெண்குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றுவிட்டால் பிற்பாடு அவளைக் கட்ட முடியாது என்பது 1983 வரை சட்டம். ஏட்டில் ஒரு மாமன் நிற்கிறான், இன்னொரு மாமன் நிற்கவில்லை என்றால், வீட்டில் யாரை மனசில் வைத்துப் பேசினார்கள் என்பதைக்கூட ஊகிக்கலாம்.

இப்படி மேலே ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் சுவர் வந்து முட்டும். முதன்முதலில் ஞானஸ்நானம் வாங்கிய ஆள் அந்தச் சுவர். முப்பது நாற்பது வயசில் வாங்கியிருப்பார். பழைய பேர் ஒன்று, புதுப் பேர் ஒன்று இருக்கும். பெற்றோர் இருவரும் 'அஞ்ஞானிகள்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவார்கள், பல சமயம் பேர்கூட இராது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, இந்த நிலைமை இன்னும் கொடுமை. சாகும் தறுவாயில் உபதேசியார் தண்ணீர் ஊற்றிய குழந்தைகள், அனாதையாக வந்து சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு ஒரு பேர் மட்டும்தான் உண்டு. கிழவர்கள் 'தாது வருஷத்துல வந்தோம்' என்று சொல்லும்போது அது 1876 என்று எடுத்துக்கொள்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். அறுபது வருஷம் கழித்து 1936லும் ஒரு தாது வந்தது.

சுவருக்கு அப்பால் போக வேறு ஏடுகள் வேண்டும், அவற்றுக்கு மதம் கிடையாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி இரண்டும் பெரும்பாலும் ராமநாதபுரம் ஜமீன் நிலம்; 1803இல் நிரந்தர சன்னது பெற்ற ஜமீன். ரயத்துவாரி ஊர்களில் கிடைக்கிற மாதிரி சர்வே எண்ணும் பட்டாதாரர் பேரும் கொண்ட பழைய அரசாங்கக் கணக்கு இங்கே எதிர்பார்க்க முடியாது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னால்தான் அது முழுசாக வந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுகிறவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ராமநாதபுரம் ஜில்லா 1910இல்தான் பிறந்தது, விருதுநகர் மாவட்டம் 1985இல். 1910க்கு முந்தியது எல்லாம் மதுரை ஜில்லாக் கட்டுகளில்தான் கிடக்கும்.

1865 முதல் பத்திரப் பதிவு அலுவலகங்கள் உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அண்ணன் தம்பி, இறந்தவரின் விதவை, மைனர் பிள்ளைகள் என்று குடும்பமே வரிசையாக நிற்கும். கோர்ட்டுச் சாட்சியம் இன்னும் மேல். ஒவ்வொரு வாக்குமூலத்தின் தலையிலும் பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, தொழில், ஊர் எல்லாம் எழுதித்தான் ஆரம்பிப்பார்கள். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததால் எழுந்து, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்த வழக்கில் சாட்சி சொன்னவர்கள் ஏராளம். அந்தக் கட்டுகளை வம்சம் தேடும் கண்ணோடு இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்.

பாளையம்பட்டிக்கே உரிய ஒரு ஆவணமும் உண்டு. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டையோடு சேர்த்து ராமநாதபுரச் சீமையில் நாடார் வணிகர்கள் பேட்டை கட்டிக் குடியேறிய ஆறு ஊர்களில் இதுவும் ஒன்று. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இந்த ஆறு ஊர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஊர் நாடார்களின் சங்கமான உறவின்முறைக்கு ஒவ்வொரு குடும்பமும் மகமை என்ற பொதுப்பணம் கொடுக்கும். கொடுத்தது கணக்கில் ஏறும். மகமை கொடுக்கிறவன்தான் உறவின்முறையில் ஆள். ஞானஸ்நான ஏடு ஒரு குழந்தை எப்போது வந்தது என்று சொன்னால், மகமைக் கணக்கு ஒரு குடும்பம் எப்போது தனிக்குடும்பமானது என்று சொல்லும். கணக்கு வருஷம் மாறியதும் பழைய நோட்டை எடைக்குப் போடாத உறவின்முறைகள் வரலாற்றுக்குப் பெரிய உபகாரம் செய்கின்றன.

கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்து தேடும்போது எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதே பாதி விடை. மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு எண் உண்டு, தகப்பன் பேர், ஜில்லா, தாலுகா, ஊர் உண்டு. மொரிஷியசில் மகாத்மா காந்தி நிலையம் அவற்றைக் காத்து வருகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பனில் இறக்கியவர்களின் பேர்ப்பட்டியல்கூட இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து நடந்தும் தோணியிலும் இலங்கைக்குப் போனவர்கள் கங்காணி மூலமாகப் போனார்கள்; அப்படி ஆள்வாரிப் பதிவு அவர்களுக்கு வாய்க்கவில்லை. செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்கணக்கும் தோட்டத்துக் கோயில் ஏடும்தான் கதி. 1854இல் மலையகத் தோட்டத் தமிழர்களுக்கென்றே ஆங்கிலேயச் சபையார் தொடங்கிய மிஷனின் பதிவுகள் அந்த வகையில் அருமையானவை.

தேடுகிற பலரைத் தடுமாற வைக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர் என்று எத்தனையோ குடும்பங்கள் இரட்டையாக வாழ்கின்றன. சர்ட்டிபிகேட்டில் இருக்கிற பேரைக் கொண்டுபோய்க் கோயில் ஏட்டில் தேடினால் ஆள் இல்லை என்று வரும். சட்டம் உண்டாக்கிய இந்தப் பிளவால் அவர்கள் தங்கள் தாத்தாவின் பேரையும் இழக்க நேர்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. விவரம் கேட்க வருகிறவரைச் சந்தேகத்தோடு பார்க்காமல், சொல்லக் கூடாததை வெளியில் சொல்லாமல் உதவுகிற பங்குச்சாமியும் உபதேசியாரும் அமைவது பெரிய பாக்கியம்.

ஏடுகளின் நிலைமை நன்றாக இல்லை. சர்ட்டிபிகேட் எழுதத் தினமும் புரட்டுகிற புத்தகம், கரையான், மழை ஒழுகல், இரும்பு பீரோவின் சூடு எல்லாம் சேர்ந்து அரித்துக்கொண்டிருக்கின்றன. நல்ல வேளையாக 1917 சட்டத் தொகுப்பு ஒரு காரியம் செய்தது: வருஷக் கடைசியில் ஒவ்வொரு பங்கும் தன் பதிவுகளின் நகலை மேற்றிராணியார் மாளிகைக்கு அனுப்ப வேண்டும். உள்ளூர் ஏடு அழிந்தாலும் அங்கே கிடைக்கலாம். சாதாரண ஊர்க் கட்டுகளைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஊர்ப் பஞ்சாயத்துகளின் ஆவணங்களை வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்தது. ஏட்டை யாரிடமிருந்தும் பறிக்காமல், இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கோயில்களுக்கும் சபைகளுக்கும் உறவின்முறைகளுக்கும் அதே முறையில் செய்யலாம். ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையும் நல்ல கேமராவும் பொறுமையும் போதும்.

தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் வீட்டில் உள்ள மூத்த பெண்களிடம் உட்காருங்கள். தாத்தாவின் பேரோடு அவர் அம்மா பேர், அக்கா தங்கை பேர், யார் யாருக்கு ஞானத்தாயாக நின்றார்கள், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் உங்கள் ஊரை எந்த ஊர்ச் சாமியார் வந்து பார்த்தார் என்று கேளுங்கள். வில் வண்டியில் வந்து போன குருவானவர் தன் தலைமையிடத்து ஏட்டில்தான் எழுதினார், பாளையம்பட்டிக் குழந்தையின் பேர் பாளையம்பட்டியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குருக்களின் கடிதங்களுக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையார் சேர்த்து வைத்த காப்பகத்தை நாடலாம். மதுரை மேற்றிராசனம் 1938இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய நகலும் விலக்குக் கடிதமும் வேண்டுமென்றால் முதல் கடிதம் திருச்சிராப்பள்ளி ஆயர் இல்லத்துக்குப் போகட்டும்.